இளம் வயதில் சிறுநீர்ச் சிக்கல்: நரம்பு எப்போது காரணம், எப்போது இல்லை

சிறுநீர் கழிக்க நின்றால் வர நேரமாகிறது. வந்தாலும் முழுதாக இறங்கிய உணர்வு இல்லை. சிலருக்கு இதற்கு நேர்மாறாக, அடக்கவே முடியாமல் ஓட வேண்டியிருக்கிறது. 60 வயதுக்காரர் இப்படிச் சொன்னால் எல்லோருக்கும் புராஸ்டேட் நினைவுக்கு வரும். 25 வயதுக்காரர் சொன்னால் சட்டென்று யாரிடமும் பதில் இருப்பதில்லை. சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமி இல்லை, ஸ்கேனில் கல் இல்லை. ‘நரம்புப் பிரச்சினையாக இருக்கலாம்’ என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் அங்கிருந்து குழப்பம் ஆரம்பிக்கிறது. கை கால் விழுந்துவிடுமோ என்று ஒருவர் பயப்படுகிறார். இன்னொருவர் சுவரொட்டியில் பார்த்த லாட்ஜ் வைத்தியரைத் தேடிப் போகிறார்.

சிறுநீர்ப்பைக்கும் நரம்புக்கும் என்ன தொடர்பு, எங்கே பழுதானால் என்ன நடக்கும், அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், என்ன சிகிச்சை இருக்கிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

‘நரம்பு’ என்ற சொல்

தமிழில் நரம்பு என்ற சொல்லை இரண்டு பொருளில் புழங்குகிறோம். ‘நரம்பில் ஊசி போட்டார்கள்’ என்றால் அது ரத்தக் குழாய். கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதும் ரத்தக் குழாய்தான். மருத்துவர் சொல்லும் நரம்பு வேறு. மூளைக்கும் தண்டுவடத்துக்கும் உறுப்புகளுக்கும் இடையே சேதி கொண்டுபோகும் இழைகள் அவை. அவை அறுபடலாம், நசுங்கலாம், அழற்சியால் வீங்கலாம், நீண்டநாள் சர்க்கரை நோயால் சிதையலாம். கயிறு தொய்வதைப் போல நரம்பு ‘தளர்ந்து’ போவதில்லை.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. சுய இன்பத்தால் நரம்புத் தளர்ச்சி வரும், சிறுநீரோடு தாது போகும் என்று பேருந்து நிலையச் சுவர்களிலும் இப்போது கைபேசித் திரையிலும் விளம்பரம் செய்கிறார்கள். விளம்பரம் சொல்லும் பொருளில் அப்படி ஒரு நோய் மருத்துவத்தில் இல்லை. சுய இன்பத்தால் சிறுநீர்ப்பையின் நரம்பு கெடுவதில்லை. சிறுநீர் சில நேரம் வெண்மையாகக் கலங்கி வருவதற்குப் பெரும்பாலும் அதில் கரையாமல் பிரிந்து நிற்கும் பாஸ்பேட் உப்புதான் காரணம். கிருமித் தொற்றாலும் அப்படி வரலாம். சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையில் இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடலாம். பயத்தில் லேகியத்துக்குச் செலவழிக்கும் பணத்தைவிட, உண்மையான காரணத்தைத் தேடாமல் போகும் மாதங்கள்தான் பெரிய இழப்பு.

சிறுநீர்ப்பை எப்படி வேலை செய்கிறது

சிறுநீர்ப்பைக்கு இரண்டே வேலை. சேர்த்து வைக்க வேண்டும், நேரம் வந்ததும் முழுதாக வெளியேற்ற வேண்டும். வளர்ந்த ஆணின் சிறுநீர்ப்பை 400 முதல் 500 மி.லி. வரை பிடிக்கும். 150, 200 மி.லி. சேரும்போதே லேசான உணர்வு தட்டும். அதைத் தள்ளிப்போட முடியும்.

கண்மாயையும் மடையையும் நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். கண்மாய் நிரம்பும்வரை மடை அடைத்திருக்க வேண்டும், திறந்தால் நீர் தடையில்லாமல் ஓட வேண்டும். சிறுநீர்ப்பையில் கூடுதலாக ஒன்று உண்டு: இந்தக் கண்மாயின் கரையே சுருங்கி நீரைத் தள்ளும். பையின் சுவர் முழுக்கத் தசை. மடைகள் இரண்டு. பையின் கழுத்தில் உள்ள உள் மடை தானாக இயங்குவது. அதற்குக் கீழே இருக்கும் வெளி மடை நம் விருப்பத்துக்குக் கட்டுப்படும் சுருக்குத் தசை.

இவற்றை மூன்று நரம்புத் தொகுதிகள் நடத்துகின்றன.

1. நடு முதுகின் கீழ்ப் பகுதியிலிருந்தும் இடுப்பின் மேல் பகுதியிலிருந்தும் வரும் பரிவு நரம்புகள். இவை பையைத் தளர்த்தி, உள் மடையை இறுக்கும். சேர்த்து வைக்கும் வேலை இவற்றுடையது.

2. தண்டுவடத்தின் அடிநுனியில், எஸ்2 முதல் எஸ்4 வரை எண்ணிட்ட கண்ணிகளிலிருந்து வரும் துணைப்பரிவு நரம்புகள். பையைச் சுருக்கிச் சிறுநீரை வெளியேற்றுவது இவை.

3. அதே இடத்திலிருந்து வெளி மடைக்குப் போகும் புடெண்டல் நரம்பு. ‘கொஞ்சம் பொறு’ என்று நாம் இறுக்கிப் பிடிப்பது இதன் வழியாக.

பை சுருங்கும் அதே கணத்தில் மடை தளர வேண்டும். இந்த ஒத்திசைவைப் பார்த்துக்கொள்ளும் மையம் மூளைத்தண்டில், பான்ஸ் என்ற பகுதியில் இருக்கிறது. பாரிங்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1925இல் பூனைகளில் செய்த ஆய்வில் இதை விவரித்தார். அதற்கும் மேலே மூளையின் முன்பகுதி, இடமும் நேரமும் பார்த்து ‘இப்போது போகலாம்’ என்று அனுமதி தருகிறது. கைக்குழந்தைக்கு இந்த மேல் கட்டுப்பாடு இன்னும் முதிரவில்லை, அதனால் பை நிறைந்தால் போய்விடுகிறது.

ஆக, நெற்றிக்குப் பின்னாலிருந்து முதுகின் அடிவரை நீளும் ஒரு பாதை இது. அந்தப் பாதையில் எந்த இடத்தில் பழுது என்பதைப் பொறுத்துத் தொல்லையின் வடிவமே மாறுகிறது.

பழுது எங்கே என்பதுதான் கேள்வி

1. மூளைத்தண்டுக்கு மேலே பழுது. பக்கவாதம், பார்க்கின்சன் போன்றவை முதியவர்களுக்கு இதைக் கொண்டுவரும். இளைஞர்களில் தலைக்காயம், மூளைக் கட்டி, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (உடலின் எதிர்ப்பாற்றலே நரம்பிழைகளின் உறையைத் தாக்கும் நோய்) ஆகியவை காரணமாகலாம். மேலிருந்து வரும் ‘பொறு’ என்ற கட்டளை குறைவதால் பை அவசரப்படும். அடிக்கடி போக வேண்டும், அடக்க முடியாது. ஆனால் கீழே ஒத்திசைவு கெடாததால் பை பெரும்பாலும் நன்றாகக் காலியாகிவிடும்.

2. தண்டுவடத்தில் பழுது. இருசக்கர வாகன விபத்து, பனையிலோ தென்னையிலோ ஏறி விழுவது, கட்டடச் சாரத்திலிருந்து விழுவது, ஆழம் தெரியாத நீரில் தலைகீழாகக் குதிப்பது என்று நம் ஊரில் இளைஞர்களின் தண்டுவடம் அடிபடும் வழிகள் பல. அடிபடாமலும் வரும்: தண்டுவட அழற்சி, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், தண்டுவடக் கட்டி, முதுகெலும்புக் காசநோய். காசநோயைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். நம் நாட்டில் அது அரிதல்ல. விடாத முதுகுவலி, மாலைக் காய்ச்சல், எடை குறைதல் என்று தொடங்கும். நேரத்தில் பிடித்தால் மாத்திரைகளால் குணமாகும், சிலருக்கு அறுவை சிகிச்சையும் தேவைப்படும்.

அடிபட்ட முதல் சில வாரங்கள் பை அசையாமல் கிடக்கும், சிறுநீர் தேங்கிவிடும். பிறகு பை தானாகச் சுருங்கத் தொடங்கும். ஆனால் மூளைத்தண்டின் ஒத்திசைவுக் கட்டளை வந்து சேராததால், பை தள்ளும்போது வெளி மடையும் சேர்ந்து இறுகிக்கொள்ளும். மூடிய கதவுக்கு எதிராகத் தள்ளுவது போல. பைக்குள் அழுத்தம் ஏறும், அது சிறுநீரகம்வரை பின்னால் தாக்கும். இந்த இரண்டாவது வகையைத்தான் மருத்துவர்கள் அதிகம் கவலையோடு பார்க்கிறார்கள், ஏனென்றால் பணயம் வைக்கப்படுவது சிறுநீரகம்.

3. தண்டுவடத்தின் அடியிலோ அங்கிருந்து கிளம்பும் வேர்களிலோ பழுது. தண்டுவடம் முதுகு முழுக்க நீள்வதில்லை. இடுப்பின் முதல் அல்லது இரண்டாவது முள்ளெலும்பு அருகே அது முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்பு வேர்கள் குதிரை வால் போலத் தொங்கும். பெரிய ஜவ்வு விலகல் இந்த வாலை நசுக்கலாம். நீண்டகாலச் சர்க்கரை நோய், கியான்-பாரே நோய் (உடலின் எதிர்ப்பாற்றல் நரம்புகளைத் தாக்குவது), ஆசனவாய்ப் பகுதியில் கொப்புளம் தரும் ஹெர்பிஸ் வைரஸ் தொற்று, இடுப்புக்குழி அறுவை சிகிச்சை ஆகியவையும் இந்த இடத்தைத் தாக்கும். பை சோர்ந்துவிடும், நிறைந்ததே தெரியாது, முக்கித்தான் போக வேண்டும். பை நிரம்பி வழிந்து சொட்டுச் சொட்டாக ஒழுகும்போது, ‘எனக்கு நிறையப் போகிறது’ என்று நோயாளி நினைத்துக்கொள்வார். உள்ளே அரை லிட்டருக்கு மேல் தேங்கியிருக்கும்.

இந்த மூன்றாம் வகையில் இளைஞர்களுக்கே உரிய ஒரு காரணம் உண்டு. பிறவியிலேயே தண்டுவடத்தின் நுனி கீழே ஒட்டிப் பிடித்திருப்பது. சிறுவயதில் தெரியாமலிருந்து, உடல் மளமளவென்று வளரும் பருவத்தில் இழுபட்டு வெளிப்படலாம். இடுப்பின் அடியில் முடிக்கற்றை, குழி, கொழுப்புக் கட்டி, அல்லது ஒரு பாதம் மட்டும் வளைந்திருப்பது இதற்குத் துப்பு. நோயாளி தன் முதுகைத் தானே பார்ப்பதில்லை, மருத்துவர் சட்டையைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

நரம்பு கெடாமலே இப்படி ஆகுமா?

ஆகும். இளம் ஆண்களில் இதுதான் அதிகம். நரம்பு என்று முடிவுகட்டும் முன் இவற்றை ஒதுக்கியாக வேண்டும்.

சிறுநீர் கழித்து முடித்து, உடை சரிசெய்தபின் சில சொட்டு வருவதுதான் பலரை அதிகம் கலங்கவைக்கிறது. சிறுநீர்க் குழாயின் வளைவில் தங்கிய மிச்சம் அது. விதைப்பைக்குப் பின்னால் விரலை வைத்து முன்னோக்கி மெதுவாக அழுத்தித் தள்ளினால் வந்துவிடும். நரம்புக்கும் இதற்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை.

அடுத்தது, பையின் கழுத்து சரியாகத் திறக்காத நிலை. இது இளைஞர்களிடம் வருடக்கணக்கில் ‘புராஸ்டேட் வீக்கம்’ என்று ஆன்டிபயாட்டிக் கொடுத்து ஓட்டப்படும் தொல்லைகளில் ஒன்று. மூன்று, நான்கு முறை மருந்து சாப்பிட்டும் தாரை மெலிதாகவே இருந்தால், கிருமியே இல்லாமல் மருந்து கொடுக்கிறோமோ என்று யோசிக்க வேண்டும். பழைய தொற்றாலோ காயத்தாலோ சிறுநீர்க் குழாய் சுருங்கியிருந்தாலும் தாரை மெலியும். பால்வினைத் தொற்று எரிச்சலைத் தரும். சளி மாத்திரைகளில் உள்ள குளோர்பெனிரமின், மூக்கடைப்பு மருந்துகள், மனநலத்துக்குத் தரும் சில மாத்திரைகள் ஆகியவை சிறுநீரைத் தேக்கலாம். மாத்திரைச் சீட்டை மருத்துவரிடம் காட்டுவது அதனால்தான் முக்கியம்.

இடுப்புத் தளத் தசை எப்போதும் இறுகியே இருப்பது இன்னொரு பெரிய காரணம். நாள் முழுக்க உட்கார்ந்த வேலை, மலச்சிக்கல், மன அழுத்தம், சிறுவயதிலிருந்து பள்ளிக் கழிப்பறையைத் தவிர்த்து அடக்கிப் பழகியது எல்லாம் இதில் சேரும். இந்த ஆட்கள் யூடியூபைப் பார்த்துக் கெகல் பயிற்சி செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். ஏற்கெனவே இறுகிய தசையை மேலும் இறுக்கும் பயிற்சி அது, தொல்லை கூடலாம். இவர்களுக்குத் தேவை தசையைத் தளர்த்தக் கற்றுத்தரும் பிசியோதெரபி.

அப்புறம், பக்கத்தில் ஆள் நின்றால் சிறுநீர் வராது, வீட்டில் தனியாக இருந்தால் தாராளமாக வரும் என்கிறவர்கள். இது பதற்றம் சார்ந்தது. படிப்படியான பழக்கத்தாலும் ஆலோசனையாலும் சரியாகும். இடத்துக்கு இடம் மாறும் தொல்லைக்கு நரம்புச் சேதம் காரணமாக இருப்பது அபூர்வம், ஏனென்றால் சேதமான நரம்பு வீடு, வெளி என்று பார்ப்பதில்லை.

நரம்புக் கோளாறு பெரும்பாலும் தனியாக வராது

சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்புகளுக்குப் பக்கத்திலேயே காலுக்கும் மலக்குடலுக்கும் பிறப்புறுப்புக்கும் போகும் நரம்புகளும் இருக்கின்றன. ஒன்று கெட்டால் அக்கம்பக்கமும் பாதிக்கப்படும். அதனால் சிறுநீர்த் தொல்லையோடு கீழ்க்கண்டவற்றில் எது இருந்தாலும் நரம்பியல் கோணத்தில் தேட வேண்டும்.

1. காலில் மரத்துப்போதல், பலவீனம், நடையில் தடுமாற்றம், செருப்பு நழுவுவது தெரியாமல் போவது.
2. மலம் அடக்க முடியாமை, அல்லது புதிதாக வந்த கடும் மலச்சிக்கல்.
3. ஆண்குறி விறைப்பிலோ விந்து வெளிவருவதிலோ புதிய மாற்றம், பிறப்புறுப்பில் உணர்வு குறைவது.
4. சில நாட்களோ வாரங்களோ நீடித்துச் சரியான கண் பார்வை மங்கல், இரட்டையாகத் தெரிதல் (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் இப்படி வரும்).
5. பை நிறைந்த உணர்வே இல்லாமை.

இவற்றில் ஒரு சேர்க்கை மட்டும் அவசரம். கடும் முதுகுவலி, இரண்டு காலிலும் வலியோ மரப்போ, சைக்கிள் இருக்கையில் படும் இடமான ஆசனவாய், தொடையிடுக்குப் பகுதி மரத்துப்போதல், சிறுநீர் வராமல் நின்றுபோதல். இது குதிரைவால் நசுங்கலின் அடையாளம். வலிமாத்திரை போட்டுக் காலையில் பார்க்கலாம் என்று விடக் கூடாது. அன்றைக்கே எம்.ஆர்.ஐ. எடுத்து, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அழுத்தத்தை எடுக்க வேண்டும். 48 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்தால் பலன் நன்றாக இருக்கிறது என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. அதைக் கெடுவாக எடுத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. சிறுநீர் முழுதாக நின்றுபோகும் முன்பே வந்தவர்கள்தான் நன்றாகத் தேறுகிறார்கள்.

என்ன பரிசோதனைகள் செய்வார்கள்?

முதல் கருவி ஒரு நோட்டுப் புத்தகம். மூன்று நாளுக்கு எப்போது எவ்வளவு குடித்தீர்கள், எப்போது எத்தனை மி.லி. போனீர்கள் என்று அளவுக் குவளை வைத்துக் குறித்துக்கொண்டு போனால், பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் 400 மி.லி. என்று பத்து முறை போகிறவருக்குப் பையில் கோளாறில்லை, அதிகச் சிறுநீர் உற்பத்தியாகிறது. சர்க்கரையைப் பார்க்க வேண்டும். 80 மி.லி. என்று பதினைந்து முறை போகிறவர் கதை வேறு.

அடுத்து உடல் பரிசோதனை. ஆசனவாயைச் சுற்றி உணர்வு இருக்கிறதா, அந்தச் சுருக்குத் தசைக்குப் பிடி இருக்கிறதா என்று மருத்துவர் விரலால் பார்ப்பார். வெட்கப்பட்டு இதைத் தவிர்க்கிறார்கள். எஸ்2 முதல் எஸ்4 வரையான நரம்புகளைச் செலவில்லாமல் இரண்டு நிமிடத்தில் சோதிக்கும் வழி இது.

பிறகு யூரோஃப்ளோ. கருவியில் சிறுநீர் கழித்தால் தாரையின் வேகம் வரைபடமாக வரும். போதிய அளவு பை நிறைந்த இளைஞருக்கு அது நொடிக்கு 20 மி.லி.க்கு மேல் இருப்பது வழக்கம். 10க்குக் கீழ் என்றால் அடைப்போ பையின் பலவீனமோ இருக்கிறது. முடித்த உடனே ஸ்கேன் வைத்து மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். 50 மி.லி.க்குள் இருந்தால் நல்லது. திரும்பத் திரும்ப 100க்கு மேல் காட்டினால் காரணம் தேட வேண்டும்.

தாரை மெலிந்திருப்பது மடை திறக்காததாலா, பை தள்ளாததாலா? இதை யூரோஃப்ளோ சொல்லாது. யூரோடைனமிக் பரிசோதனை சொல்லும். மெல்லிய குழாய் ஒன்றைப் பைக்குள்ளும் இன்னொன்றை மலக்குடலிலும் வைத்து, பையை நிரப்பிக்கொண்டே அழுத்தத்தை அளப்பார்கள். கொஞ்சம் அசௌகரியம்தான், ஆனால் தண்டுவடப் பாதிப்பு உள்ளவருக்கு இது இல்லாமல் சிகிச்சையைத் திட்டமிடக் கூடாது. பைக்குள் அழுத்தம் நீர் அளவில் 40 செ.மீ.யைத் தாண்டி நிலைத்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து என்பது பொதுவான எல்லைக்கோடு. எம்.ஆர்.ஐ. எல்லோருக்கும் வேண்டியதில்லை. மேலே சொன்ன நரம்பு அடையாளம் இருந்தாலோ, மற்ற பரிசோதனைகள் விளக்கம் தராவிட்டாலோ எடுக்கிறார்கள்.

சிகிச்சை: முதலில் சிறுநீரகம், பிறகு உலர்ந்த உடை

மூலக் காரணம் சரிசெய்யக்கூடியதாக இருந்தால் அதுதான் முதல் சிகிச்சை. ஜவ்வை எடுப்பது, காசநோய் மருந்து, ஒட்டிய தண்டுவடத்தை விடுவிப்பது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது. அது முடியாதபோது, பையை நிர்வகிக்க வேண்டும். நோயாளிக்கு ஒழுகுவது பெரிய கவலை, மருத்துவருக்குச் சிறுநீரகம் பெரிய கவலை. அழுத்தம் குறைவாகவும் மிச்சம் குறைவாகவும் இருந்தால் இரண்டுமே பெரும்பாலும் தீரும்.

அவசரப்படும் பைக்குச் சாலிஃபெனாசின், டால்டெரோடின் போன்ற மாத்திரைகள் தருகிறார்கள். வாய் உலரும், மலச்சிக்கல் வரும். மிராபெக்ரான் வேறு வழியில் வேலை செய்வது, ரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். மிச்சம் அதிகம் இருப்பவர் பரிசோதனை இல்லாமல் முதல் வகை மாத்திரையை எடுத்தால் சிறுநீர் முழுதாகத் தேங்கிவிடலாம். திறக்காத கழுத்துக்கு டாம்சுலோசின் போன்றவை. இவை விந்து வெளிவருவதைக் குறைக்கலாம், நிறுத்தினால் திரும்பிவிடும். கழுத்தைக் கீறித் திறக்கும் அறுவையில் விந்து பைக்குள் பின்னோக்கிப் போவது நிரந்தரமாகலாம். குழந்தைக்குத் திட்டமிடும் இளைஞரிடம் இதை முன்கூட்டியே பேசியாக வேண்டும்.

காலியாகாத பைக்குச் சிறந்த வழி மருந்தல்ல, குழாய். 1972இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜாக் லாபிடஸ் ஒரு எளிய முறையை முன்வைத்தார். நோயாளியே சோப்புப் போட்டுக் கை கழுவி, சுத்தமான குழாயைச் செலுத்திச் சிறுநீரை எடுத்துவிட்டுக் குழாயை வெளியே எடுத்துவிட வேண்டும். ஒரு நாளைக்கு 4 முதல் 6 முறை. அதுவரை அறுவை அரங்குபோல் கிருமியே இல்லாமல்தான் குழாய் போட வேண்டும் என்று நம்பினார்கள். கிருமி நுழைவதைவிடப் பை மிதமிஞ்சி விரிந்து கிடப்பதுதான் தொற்றை வளர்க்கிறது என்பது லாபிடஸ் வாதம். முதல் உலகப் போரில் தண்டுவடம் அடிபட்ட வீரர்களில் பெரும்பாலோரைக் கொன்றவை சிறுநீர்த் தொற்றும் படுக்கைப் புண்ணும்தான். அந்த நிலைமையை மாற்றிய முறைகளில் இது முக்கியமானது. வேலூர் சி.எம்.சி.யில் இதுபோன்ற மறுவாழ்வுச் சிகிச்சைக்கு 1960களில் அடித்தளம் போட்டவர் மருத்துவர் மேரி வர்கீஸ். 1954இல் நடந்த சாலை விபத்தில் அவரே இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர்.

‘தினமும் குழாயா’ என்று இளைஞர்கள் முதலில் மறுப்பார்கள். உள்ளேயே நிரந்தரமாக வைக்கும் குழாயோடு ஒப்பிட்டால் தொற்றும் கல்லும் இதில் குறைவு, சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பையைச் சுமக்காமல் வேலைக்குப் போகலாம், தாம்பத்தியத்துக்கும் தடையில்லை. ஒவ்வொரு முறையும் 400, 500 மி.லி.க்குள் எடுத்துவிடும்படி நேரத்தை அமைத்துக்கொள்ள வேண்டும். குழாய் போடுகிறவர்களின் சிறுநீரில் கிருமி தெரிவது சகஜம். காய்ச்சல், புதிய ஒழுக்கு, வலி போன்ற அறிகுறி இல்லாமல் அதற்கு ஆன்டிபயாட்டிக் எடுக்கக் கூடாது.

மாத்திரைக்கு அடங்காத பைக்கு, சிறுநீர்க் குழாய் வழியாகக் கருவியைச் செலுத்திப் பையின் சுவரில், தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி போடுகிறார்கள். நரம்புப் பாதிப்பு உள்ளவர்களுக்கு வழக்கமான அளவு 200 யூனிட். பலன் 6 முதல் 9 மாதம் நிற்கும், பிறகு மீண்டும் போட வேண்டும். இதற்குப் பின் குழாய் பழக்கம் தேவைப்படலாம். முதுகின் அடியில் நரம்பருகே மின்முனை பொருத்தும் கருவி சிலருக்கு உதவும், விலை அதிகம். குடலின் ஒரு துண்டை வைத்துப் பையைப் பெரிதாக்கும் அறுவை கடைசிப் படி.

நடு நெஞ்சுக்கு மேல், நெஞ்சுப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவர்களின் வீட்டார் ஒன்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பை நிரம்பிக் குழாய் அடைத்துக்கொண்டால் அவர்களுக்கு ரத்த அழுத்தம் திடீரென்று ஆபத்தான அளவுக்கு ஏறும். மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகச் சிவப்பு, வியர்வை வரும். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, உடையைத் தளர்த்தி, சிறுநீரை வெளியேற்ற வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் மருத்துவமனை.

ஒழுக்கு நின்றபிறகு பலர் மருத்துவரைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். தண்டுவடப் பாதிப்பில் வலியில்லாமலே சிறுநீரகம் வீங்கிச் சிதையும், அதனால் தொல்லை இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு முறையாவது சிறுநீரக ஸ்கேன் வேண்டும். ரத்தத்தில் கிரியேட்டினின் (தசையிலிருந்து வரும் கழிவு) அளவை மட்டும் நம்ப முடியாது. கால் தசைகள் மெலிந்தவருக்கு அந்த எண் இயல்பாகவே குறைந்து, சிறுநீரகம் பாதி கெட்ட பின்னும் சரியாக இருப்பதாகக் காட்டும். அவர்களுக்குச் சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் பரிசோதனை உண்டு, மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ளலாம்.